வேரடிப் படை வெய்யிலில் சாகலாமா?



கதிர் பிடித்து நின்ற மக்காச்சோளம் ஒரு வாரத்திற்குள் தலை சாய்ந்து தரையில் கிடக்கும் காட்சியைத் திருத்தங்கல் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் காடுகளிலே கண்டிருப்பீர்கள். காற்றும் அடிக்கவில்லை, மாடும் மேயவில்லை. ஆனாலும் தட்டை ஒடிகிறது. ஒடிந்த தட்டையை எடுத்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வெண்மையாக இருக்கவேண்டிய சோற்றுப் பகுதி நார் நாராகக் கிழிந்து, கரித்தூள் தூவியது போலக் கறுத்திருக்கும். கரி நமக்குப் புதிய சரக்கா? வெடியுப்பு, கந்தகம், கரி — இம்மூன்றையும் நம்பித்தானே இந்த வட்டாரத்திலே பல்லாயிரம் அடுப்புகள் எரிகின்றன! ஆலையிலே அளந்து சேர்க்கும் கரி கூலி தருகிறது. காட்டிலே அழையாமல் புகும் கரியோ, அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிப் போட்ட விதையைத் தின்று தீர்க்கிறது.

இந்தச் சீமையிலே உழவன் இவன், தொழிலாளி இவன் என்று கோடு கிழித்துக் காட்ட எவராலும் முடியாது. ஃபயர் ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் அச்சுக்கூடத்திலும் உழைக்கிற அதே கைகள்தாம், புரட்டாசியில் மேகம் கூடியதும் விதைப் பெட்டியைத் தேடுகின்றன. அண்ணன் ஆலையில் என்றால் தம்பி காட்டில். கணவன் காட்டில் என்றால் மனைவி தீப்பெட்டி ஆபீசில். சிலப்பதிகாரம் நம் ஊரை நீர்வளம் நிறைந்த கழனிகளின் ஊராகக் காட்டுகிறது. குற்றமற்ற வார்த்திகனைச் சிறையிட்ட பிழைக்கு ஈடாகப் பாண்டியன் தந்த ஊர் இது. அந்தப் பழம்பெருமையைப் பேசிப் பசியாற முடியாது. கண்மாய் பெருகிய ஆண்டில் கொஞ்சம் நெல். மற்றபடி வானத்தை நம்பிய மக்காச்சோளம், சோளம், கம்பு, பருத்தி, உளுந்து. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்பைப் பட்டாசிலே சேர்க்கத் தடை விதித்துத் தீர்ப்பளித்ததிலிருந்து ஆலையை மட்டுமே நம்பி ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்கலாம் என்ற உறுதி எந்தத் தொழிலாளிக்கும் இல்லை. ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்று ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கரைப் பிடித்துக்கொண்டிருக்கிறானே, அவனுடைய ஏக்கரைப் பற்றித்தான் இன்று பேசவேண்டியிருக்கிறது.

தட்டை விழுந்தால் அவனுக்குக் கிடைக்கும் விளக்கம் என்ன? "கண் பட்டுவிட்டது" என்பார் ஒருவர்; பூசணிக்காய்க்குப் பொட்டிட்டுக் கட்டச் சொல்வார். "தலையெழுத்து" என்பார் இன்னொருவர். கடைக்காரரோ இருக்கிற மருந்தில் ஒன்றை எடுத்து நீட்டுவார். நம் ஊரிலே மருந்து என்றால் வெடிமருந்து. காட்டிலே மருந்து என்றால் பூச்சிமருந்து. வீட்டிலே மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது. மூன்றையும் ஒரே சொல்லால் அழைப்பதாலோ என்னவோ, எதை எதற்குக் கொடுப்பது என்ற விசாரணையே இல்லாமல் போய்விட்டது! 2018-இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோளக் குருத்துகளைச் சல்லடையாக்கியபோது, தெளித்தவர்கள் தெளித்தது எத்தனை, மீண்டது எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கடையில் நீட்டப்படும் புட்டியின் இலட்சணம் தெரியும்.

உள்ளபடி நடப்பது இது. மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா என்று நூலறிவினர் அழைக்கும் ஒரு பூசணம் மண்ணிலே கிடக்கிறது. அதன் விதை என்று சொல்லத்தக்கவை கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாத கரிய உருண்டைகள். பழைய தட்டையிலும் மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் அவை உறங்கும். பருத்தி, உளுந்து, எள், சோளம், மக்காச்சோளம் என்று 500-க்கும் மேற்பட்ட செடியினங்களைத் தாக்கவல்ல பூசணம் இது; ஆகவே, பயிரை மாற்றி விதைத்துத் தப்பலாம் என்றாலும் முழுக்கத் தப்ப வழியில்லை. பூ வந்து, மணி பிடிக்கும் நேரத்தில் மழை நின்று வெய்யில் கொளுத்தினால் பயிர் தளர்கிறது. தளர்ந்த நேரம் பார்த்து, வேர்வழியே உள்ளே புகுந்த பூசணம் தண்டில் ஏறி, சோற்றைத் தின்று, கரி உருண்டைகளை விட்டுச் செல்கிறது. அடுத்த ஆண்டுக்கான முதலீடு அது! வறட்சியும் வெப்பமும் எங்கே குடியிருக்கின்றனவோ அங்கேதான் இந்த நோய்க்கும் குடியிருப்பு. விருதுநகர்ச் சீமையைவிட வசதியான விலாசம் அதற்கு வேறெங்கே கிடைக்கப்போகிறது?

இலையில் தெளிக்கும் மருந்து மண்ணுக்குள் இருக்கும் இந்தப் பகைவனை எட்டாது. மண் முழுவதும் நனையும்படி நஞ்சை ஊற்றுவதென்றால், ஏக்கர் விளைச்சலை விற்ற பணம் மருந்துக் கடைக்கே சரியாகப் போய்விடும். நோய் மேலே தெரியும்போதோ காலம் கடந்திருக்கும். ஆக, வேரடியிலேயே, விதை முளைத்த நாள் தொட்டே, காவல் நிற்கும் ஒரு படை வேண்டும். கூலி கேட்காத படை, உறங்காத படை, தானே பெருகிக்கொள்ளும் படை. அப்படி ஒன்று உண்டு. அதன் பெயர் பாக்டீரியா.

"பாக்டீரியாவா! அது காலராக் கிருமியல்லவா, காசநோய்க் கிருமியல்லவா?" என்று கேட்கத் தோன்றும். மனிதரில் திருடனும் உண்டு, தீயணைக்க ஓடிவருபவனும் உண்டு. அங்கும் அப்படித்தான். தயிர் உறைவது யாரால்? மண்வாசனை எழுவது யாரால்? நல்ல மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதற்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. வேர் மண்ணிலிருந்து உண்கிறது என்று பள்ளியிலே படித்தோம். வேர் ஊட்டுகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிப்படிப்போடு நின்ற நானும் பின்னாளில் ஏடு புரட்டித்தான் அறிந்தேன். செடி தன் இலையிலே சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர்வழியே மண்ணில் கசியவிடுகிறது. அந்த விருந்துக்காக வேரைச் சுற்றி நுண்ணுயிர்கள் மொய்க்கின்றன. வேரை ஒட்டிய இந்த மண் வட்டத்துக்குத் தனிப்பெயரே சூட்டி, 1904-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவர் லோரன்ஸ் ஹில்ட்னர் எனும் ஜெர்மானியர்.

விருந்துக்கு வந்தவர்களில் சிலர் வீட்டையும் காக்கிறார்கள் என்பதைக் கோதுமைக் காடு சொல்லிக்கொடுத்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று கேட்கவேண்டும்.

கோதுமைக்கு ஒரு வேர்நோய் உண்டு. "எல்லாம் போச்சு" என்ற பொருளிலேயே வெள்ளைக்கார உழவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வேர் கறுக்கும், கதிர் பதராகும். கோதுமைக்குப் பின் கோதுமை என்று ஒரே காட்டில் விடாமல் விதைத்தால் நோய் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். இதில் வியப்பில்லை. வியப்பு அதற்குப் பிறகுதான்: மனந்தளராமல் மேலும் சில ஆண்டுகள் கோதுமையையே விதைத்தவர் காட்டில், நோய் தானாகத் தணியத் தொடங்கியது! விட்டுவிட்டவன் தோற்றான், விடாமல் விதைத்தவன் வென்றான். தெய்வச் செயல் என்று கும்பிட்டுவிட்டு நடந்திருக்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் புல்மன் என்ற ஊரிலே ஜேம்ஸ் குக், டேவிட் வெல்லர் முதலிய ஆய்வாளர்கள் அப்படிப் போகவில்லை. நோய் தணிந்த காட்டு மண்ணைக் கொஞ்சம் அள்ளி நோயுள்ள மண்ணிலே கலந்தால் அங்கும் நோய் தணிவதை ஆய்வில் கண்டார்கள். அந்த மண்ணையே சூடாக்கிவிட்டுக் கலந்தால் பலன் இல்லை. சூட்டிலே சாகும் பொருள் எது? உயிருள்ள பொருள்தானே! தேடினார்கள். கோதுமை வேரில் சூடோமோனாஸ் என்ற இனத்துப் பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. பூசணத்தைக் கொல்லும் நஞ்சு ஒன்றை அவற்றுள் சில சுரந்துகொண்டிருந்தன. அந்தப் பாக்டீரியாவை விதையிலே பூசி விதைத்து நோயைக் குறைத்துக் காட்டி, 1983-இல் வெல்லரும் குக்கும் ஆய்வேடு வெளியிட்டார்கள்.

இந்தப் படையின் போர்முறை ஒன்றல்ல. நஞ்சு சுரப்பது ஒரு வகை. முந்திக்கொண்டு வேரின் மேல் இடம் பிடித்து, பகைவனுக்குக் காலூன்ற இடமில்லாமல் செய்வது இன்னொரு வகை. "பகை வருகிறது, கதவைச் சாத்து" என்று செடிக்கே எச்சரிக்கை தந்து, செடியின் சொந்த எதிர்ப்பைத் தூண்டிவிடுவது மற்றொரு வகை. எனக்கு மிகவும் பிடித்தது இரும்புத் தந்திரம். பூசணம் வளர இரும்புச்சத்து வேண்டும். சூடோமோனாஸ் இரும்பைக் கவ்வி இழுக்கும் ஒரு சுரப்பை மண்ணிலே விடுகிறது; பகைவனுக்கு இரும்பு கிட்டாமல் போகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் க்ளோப்பரும் கூட்டாளிகளும் 1980-இல் இதை எடுத்துக்காட்டினார்கள். சுண்ணாம்பு மிகுந்த கரிசலிலே பயிருக்கு எட்டும் இரும்பு இயல்பாகவே குறைவு. முற்றுகை அங்கே இன்னும் இறுகும் என்று எதிர்பார்க்கலாம். அந்தச் சுரப்புக்கு வேறொரு குணமும் உண்டு: புறஊதா விளக்கின் கீழே பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற பெயர் வந்ததே அந்த ஒளிர்வால்தான். பேரியம் தரும் பச்சை ஒளியிலே பிழைத்த ஊருக்கு வேரடியிலே இன்னொரு பச்சை ஒளி!

அமெரிக்காவில் கோதுமைக்குச் செய்தார்கள், நமக்கென்ன என்று கேட்கவேண்டாம். கோயமுத்தூரிலே, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலே, இதைச் செய்தே முடித்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்துக் குடுவையில் வளரும் பாக்டீரியாவைக் காட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். டால்க் என்னும் கல்பொடி, முகத்துக்குப் பூசும் பவுடரிலே இருக்கிறதே அதே பொடி, அதிலே பாக்டீரியாவைக் கலந்து உலர்த்திப் பொட்டலமாக்கும் முறையை அங்கே உருவாக்கினார்கள். வித்யாசேகரனும் முத்தமிழனும் கொண்டைக்கடலையின் வாடல் நோய்க்கு எதிராக இந்தப் பொடியைப் பயன்படுத்தி 1995-இல் ஆய்வேடு வெளியிட்டார்கள். பிஎஃப்-1 என்று பெயர் பெற்ற கோயமுத்தூர் வகை அன்றிலிருந்து நெல்லுக்கும் பயறுக்கும் மக்காச்சோளத்துக்கும் பரிந்துரைக்கப்பட்டுவருகிறது. பூத்தபின் வரும் தண்டழுகலுக்கு மக்காச்சோளத்தில் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு எக்டேருக்கு 2.5 கிலோ பொடி, 50 கிலோ மக்கிய தொழுஉரத்திலோ மணலிலோ கலந்து, விதைத்த 30-ஆம் நாள். நம் கணக்கிலே ஏக்கருக்கு ஒரு கிலோ பொடி, 20 கிலோ எரு.

ஏக்கருக்கு ஒரு கிலோ! அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிர் இருக்கவேண்டும் என்பது அரசு விதித்த அளவு. கிலோவுக்கு 10,000 கோடி. இந்திய நாட்டு மக்கள்தொகையைப் போல அறுபது, எழுபது மடங்கு படைவீரர்கள் ஒரு பையில்!

இங்கேதான், தோழர்களே, உங்கள் கவனத்தைக் கேட்கிறேன். அந்த 10,000 கோடியும் பையைப் பிரிக்கும் நாளன்று உயிரோடு இருக்கவேண்டும்.

யூரியா மூட்டை ஓராண்டு கிடந்தாலும் யூரியாதான். இது அப்படிப்பட்ட சரக்கன்று. இதற்கு வெய்யில் சுடும், தாகம் எடுக்கும், நாள் ஆக ஆகச் சாகும். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் மிதமான சூட்டிலே வாழும் உயிர். 40 டிகிரியைத் தாண்டினால் அது வளர்வதில்லை. சித்திரையிலே நம் ஊர்த் தகரக் கூரைக்கு அடியில் எத்தனை டிகிரி இருக்கும் என்று ஆலைத் தொழிலாளிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கேதான் அந்தப் பொட்டலம், உர மூட்டைக்கும் பூச்சிமருந்துப் புட்டிக்கும் நடுவே, மாதக்கணக்கில் கிடக்கிறது. உயிரோடிருக்கும் பொடியும் வெள்ளை. செத்த பொடியும் வெள்ளை. தொட்டால் தெரியாது, முகர்ந்தால் தெரியாது. புரட்டாசியிலே உழவன் வந்து காசை எண்ணிவைத்து வாங்கிப்போகிறான். காட்டிலே தூவுவது என்ன? 10,000 கோடி பிணங்களும் ஒரு கிலோ முகப்பவுடரும்! தட்டை விழுகிறது. "இந்த இயற்கை சமாச்சாரமெல்லாம் வெறும் ஏமாற்று" என்று அவன் சலித்துக்கொள்கிறான். அவன்மேல் என்ன தவறு? கோயமுத்தூரிலே பிறந்த நல்ல பிள்ளைக்கு, வழியிலே கொன்றவர்களால், கெட்ட பெயர்.

மருந்தாலையிலே ஈரம் பட்ட மருந்தைக் கலவையில் சேர்த்தால் வெடி புஸ்ஸென்று போகும். கடைத்தெருவிலே மானம் போகும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். ஒரு ரூபாய் வெடிக்குக் காட்டும் அந்த அக்கறையை உழவன் வாங்கும் உயிர்ப்பொடிக்குக் காட்டச் சொல்வது பேராசையா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்தான் இந்தப் பொடியும் வருகிறது. பதிவெண், தயாரித்த நாள், காலாவதி நாள், உயிரெண்ணிக்கை அனைத்தும் உறைமேல் இருந்தாகவேண்டும். மாதிரி எடுத்துச் சோதிக்க ஆய்வாளர்களுக்கு அதிகாரமும் உண்டு. உறை அச்சிடுவதைப் பற்றிச் சிவகாசிக்குச் சொல்ல என்ன இருக்கிறது! வானவில்லையே உறைமேல் கொண்டுவந்துவிடுவோம். உறை அழகு, உள்ளே இருப்பது உயிரா, சவமா? கடையிலிருந்து மாதிரியை எடுத்து, தட்டிலே வளர்த்து, எண்ணிப் பார்த்து, இன்ன கடையில் இன்ன பொட்டலத்தில் இத்தனை உயிர் என்று விரிவாக்க மையத்துச் சுவரிலே ஏன் ஒட்டக்கூடாது? நியாயவிலைக் கடையில் இருப்பு எவ்வளவு என்று பலகையில் எழுதச் செய்தோமே, அதுபோல இதையும் எழுதச் செய்வோம்.

"அது கெடக்கட்டும்ப்பா, ஒரு பொட்டலம் வாங்கி, வெல்லத் தண்ணியில போட்டு, டிரம்முல பெருக்கிக்கிட்டா ஆச்சு" என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. அவர்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், வழியை ஏற்கமாட்டேன். வெல்லத் தண்ணீர் எந்த உயிருக்கும் விருந்துதான். நாம் அழைத்த விருந்தாளி மட்டும்தான் உண்ணுவான் என்று டிரம் வாசலில் நின்று காவல் பார்ப்பது யார்? சூடோமோனாஸ் குடும்பத்திலேயே புண்ணிலும் நுரையீரலிலும் புகுந்து ஆளை வீழ்த்தும் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. ஆஸ்பத்திரிகளில் அதற்கு அஞ்சுகிறார்கள். பெருக்கத் தெரிந்தவன் பெருக்கவேண்டும். எண்ணத் தெரிந்தவன் எண்ணவேண்டும்.

பெருக்கவும் எண்ணவும் நம் ஊராருக்குத் தெரியாதா? கற்றுக்கொண்டால் தெரியும்! மழை பொய்த்து, காடு காய்ந்து, வழியற்றுக் கிடந்த சிவகாசியிலிருந்து 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு இரயில் ஏறினார்கள். போனது தீப்பெட்டித் தொழிலைக் கற்க. கற்றார்கள், வந்தார்கள், தொடங்கினார்கள். தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது, அச்சு வந்தது. பாஸ்பரசையும் பொட்டாசியம் குளோரேட்டையும் பழக்கிய கைகளுக்கு ஒரு கொதிகலனும் ஒரு வளர்ப்புக் கலனும் பெரிய வித்தையா? விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பு தயாரித்து, அந்தப் பட்டத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும் அளவுக்குச் செய்யும் ஒரு கூட்டுறவுக்கூடம் இந்த வட்டாரத்துக்குப் போதும். தாய் வித்து கோயமுத்தூரிலிருந்து வரட்டும். அருப்புக்கோட்டையில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. சோதித்துச் சான்று அவை தரட்டும். இப்போதும் அங்கே போய்க் கேட்கலாம்; ஆனால் ஒரு கிலோ பொடிக்காக ஒருநாள் கூலியை இழந்து பேருந்து ஏறு என்று ஆலைத் தொழிலாளியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருள் ஊருக்கு வரவேண்டும், புதிதாக வரவேண்டும்.

ஆராய்ச்சிக்காரர்களிடமும் ஒரு வழக்கு வைக்கிறேன். 1901 முதல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கரிசலின் குணத்தைப் படித்துவருகிறது. 'கே' என்ற எழுத்தைத் தாங்கிய சோளமும் பருத்தியும் அங்கே பிறந்து நம் காடுகளுக்கு வந்தன. பேசில்லஸ் என்று இன்னொரு பாக்டீரியா இருக்கிறது. நிலைமை மோசமானால் அது தன்னைச் சுற்றி உறுதியான கூடு கட்டிக்கொண்டு உறங்கிவிடும். சூட்டையும் வறட்சியையும் தாங்கும். ஈரம் கண்டதும் விழிக்கும். சூடோமோனாசுக்கு அந்த வித்தை தெரியாது. தகரக் கூரைக் கடையும் பொய்க்கும் மழையும் உள்ள சீமைக்கு இந்தக் கூடுகட்டும் இனமே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. கரிசல் சோள வேரிலே பிறந்து, நம் வெய்யிலிலே வளர்ந்த பேசில்லஸ் வகையைத் தேர்ந்தெடுத்து, அதைப் பொட்டலமாக்கி முதலில் இந்த மாவட்டத்துக்குத் தாருங்கள். வாய்க்கால் பாசனக்காரனுக்கு ஏற்றதையே வானம் பார்த்தவனிடமும் நீட்டுவது நியாயமில்லை.

இரண்டு கூட்டத்தாருக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. "நஞ்சில்லாமல் விவசாயமா?" என்று நகைக்கும் கூட்டம் ஒன்று. புல்மனிலும் கோயமுத்தூரிலும் செய்து காட்டியதை அவர்கள் படிக்கட்டும். மற்றொரு கூட்டம் இதை அமுதமாக்கி, சஞ்சீவியாக்கி, ஒரு துளி போட்டால் பட்ட மரம் துளிர்க்கும் என்று மேடை போட்டு விற்பவர்கள். இவர்கள்தாம் அதிக ஆபத்தானவர்கள். நல்ல பொருளை மூடநம்பிக்கையாக்கிக் கெடுப்பவர்கள். பாக்டீரியா வருமுன் காக்கும். கறுத்த தட்டையை வெளுக்க வைக்காது. ஒரு காட்டில் நன்றாகக் கேட்கும், அடுத்த காட்டில் அரைகுறையாகக் கேட்கும். மண்ணிலே ஏற்கெனவே இருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு நடுவே நம் கிலோப் பொடி கொஞ்சம்தான். எருவும் ஈரமும் இருந்தால்தான் அது நிலைக்கும். காய்ந்த மண்ணில் தூவினால் தூவியதோடு சரி. சாம்பல் சத்து குறைந்த பயிரும், பூக்கும் பருவத்தில் தண்ணீரின்றித் தவிக்கும் பயிரும் என்ன காவல் போட்டாலும் தளரும். இத்தனையையும் சொல்லித்தான் உழவன் கையில் பொடியைக் கொடுக்கவேண்டும். உண்மையைச் சொன்னால் வாங்கமாட்டான் என்று எண்ணுகிறவன் உழவனை அறியாதவன்.

அவனும் எவர் சொல்லையும் நம்பவேண்டாம், நான் சொல்வதையும்தான். ஏக்கர் முழுவதும் போடும்போது, நடுவே ஆறு வரிசையை மட்டும் பொடி போடாமல் விட்டுவிடட்டும். நான்கு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் செய்யட்டும். அறுவடைக்கு முன் போட்ட வரிசையில் நூறு செடி, போடாத வரிசையில் நூறு செடி எண்ணி, விழுந்தது எத்தனை, பிளந்தால் கறுத்தது எத்தனை என்று பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். ஊருக்குப் பத்துப் பேர் இப்படி எழுதினால், கடைக்காரனும் அதிகாரியும் அந்த நோட்டுக்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

போடும் விதத்திலும் கவனம் வேண்டும். வீட்டு விதையான சோளமோ கம்போ என்றால், கிலோ விதைக்கு 10 கிராம் பொடி கலந்து நிழலில் வைத்து விதைக்கலாம். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பெரும்பாலும் மருந்து பூசிச் சாயமேற்றிய விதையாகவே வருகிறது. அதன்மேல் மீண்டும் பூசுவதைவிட, எருவோடு கலந்து வேரடியில் இடுவதே நல்லது. மழை பெய்து மண் பதமாக இருக்கும் மாலைப்பொழுதில் இடுங்கள். தாமிரம் சேர்ந்த மருந்துகளோடும் ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவற்றோடும் கலக்கவே கலக்காதீர்கள்; அவை பாக்டீரியாவைக் கொல்லவென்றே பிறந்தவை. தூள் மூச்சில் ஏறாமல் துண்டால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ளுங்கள். மருந்தறைத் தொழிலாளிக்குத் தூளின் தொல்லை தெரியும். கண்மாய்த் தண்ணீரில் நெல் நடுபவர்கள் நாற்றின் வேரை அரைமணி நேரம் இந்தப் பொடி கரைத்த நீரில் நனைத்து நடலாம்.

புரட்டாசிப் பட்டம் வருமுன் ஒவ்வொரு கிளையிலிருந்தும் இரண்டிரண்டு தோழர்கள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் செல்லவேண்டும். கையில் மனு வேண்டாம். நாலு கேள்வி போதும். இந்தப் பட்டத்துக்கு எத்தனை கிலோ வருகிறது? அது எந்த நாளில் தயாரானது? வந்ததிலிருந்து எங்கே, எந்தக் கூரையின் கீழ் இருக்கிறது? கடைசியாக உயிரெண்ணிப் பார்த்தது என்றைக்கு? விடையை எழுதி வாங்கிவந்து, கிளை மன்றத்துப் பலகையிலே ஒட்டுங்கள்.